பன்றிக்குட்டி கால் ஊன்றவில்லையா? வைட்டமின் டி ஊசிக்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

“குட்டிங்க கால ஊன மாட்டேங்குதுங்கண்ணா. டி ஊசி மூணு போட்டாச்சு, இன்னும் மோசமாத்தான் போகுது.”

கொங்குப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் குறை வைட்டமின் டி-யில் இருக்காது, தொட்டியில் இருக்கும். எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் தீவனத்தில் இல்லை, அல்லது இருந்தும் குட்டிக்குச் செரிக்காத வடிவத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைந்தால், பன்றியின் சிறுநீரகம் இருக்கிற டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு வேகமாக மாற்றத் தொடங்கிவிடும். குடலில் கிடைப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள உடம்பு செய்யும் ஏற்பாடு அது. குட்டிக்குள் டி ஏற்கெனவே முழு மூச்சில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து இன்னும் டி ஏற்றி எலும்பு கட்ட முடியாது. செங்கல் இல்லாத இடத்தில் கொத்தனாரைக் கூட்டி என்ன செய்வது?

பாஸ்பரஸ் கூடிப்போனால் நேர்மாறு. எலும்பே ஒரு ஹார்மோனைச் சுரந்து, சிறுநீரகம் டி-யை மாற்றும் வேலையை அடக்கிவிடும். அதனால் டி.சி.பி.யை (டைகால்சியம் பாஸ்பேட், கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தூள்) அள்ளிக் கொட்டுவதும் தீர்வு ஆகாது.

எதற்கும் முன்னால்: தெர்மாமீட்டர்

ஆசனவாயில் வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். பன்றிக்கு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. குட்டியை ஓடவிட்டுப் பிடித்த உடனே பார்க்கக் கூடாது, கொஞ்சம் ஆறவிடுங்கள்.

104-ஐத் தாண்டினால் இது தாதுக் குறைபாடு அல்ல. குளம்பைச் சுற்றியும் மூக்கிலும் கொப்புளம் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். தோலில் சதுரம் சதுரமாகச் சிவந்து தடித்திருந்தால் எரிசிபெலஸ் என்ற பாக்டீரியா நோய். காது நுனி கருநீலமாகி, பல பன்றிகள் ஒரே சமயத்தில் தீனி எடுக்காமல் விழுந்தால் பன்றிக் காய்ச்சல். 2020-ல் அசாம் பக்கம் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கொட்டகையிலிருந்து எதையும் வெளியே விடாமல், விற்காமல், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

காய்ச்சல் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

அறிகுறி 1: இரண்டு முதல் நான்கு மாதக் குட்டிகள் நொண்டுகின்றன

*ஒரே ஒரு குட்டி, ஒரே ஒரு கால் என்றால்*

தீவனத்தைத் தொடாதீர்கள். குளம்பைக் கழுவிப் பாருங்கள். பிளவு, சீழ், கல் குத்தியது, சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்ந்தது, வழுக்கி விழுந்து சுளுக்கியது, இவற்றில் ஒன்றாக இருக்கும். ஒரே மூட்டு மட்டும் சூடாக வீங்கியிருந்தால் தொப்புள் வழியாகப் போன கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்து மருத்துவர்தான் தர வேண்டும்.

*பல குட்டிகள், இரண்டு பக்கக் காலும் என்றால்*

ஒரு பண்ணையில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். தொட்டியில் தீவனம் கொட்டியதும் எல்லாக் குட்டியும் வந்துவிட்டன. பசி நன்றாக இருந்தது. ஆனால் ஏழெட்டுக் குட்டிகள் முன்காலை மடக்கி, முட்டி போட்டபடியே தின்றன. முட்டியில் ரோமம் தேய்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது, பல நாளாக இப்படித்தான் தின்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஒன்றைத் தூக்கி மணிக்கட்டு மூட்டை அமுக்கினால் வீக்கம் கல் மாதிரி கெட்டி, சூடு இல்லை. அமுக்கியதும் வீலென்று கத்தியது. விலா எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடத்தை விரலால் தடவினால் ஜெபமாலை மணி மாதிரி உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் எலும்பு இறுகவில்லை என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

இனி, தொட்டியில் என்ன போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*தொட்டியில் மக்காச்சோளமும் தவிடும் புண்ணாக்கும்தான் என்றால்*

செலவில்லாத சோதனை, பேப்பர் பேனாதான். 100 கிலோ கலவையில் 50 கிலோ மக்காச்சோளம், 25 கிலோ அரிசித் தவிடு, 22 கிலோ கடலைப் புண்ணாக்கு என்று வையுங்கள். மொத்தப் பாஸ்பரஸ் ஏறக்குறைய 0.64 சதவீதம் வரும். 25 முதல் 50 கிலோ எடையுள்ள பன்றிக்கு மொத்தத்தில் 0.56 சதவீதம் போதும் என்பது அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2012 அட்டவணை. காகிதத்தில் எல்லாம் சரி. இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

தானியத்திலும் தவிட்டிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் பைட்டேஸ் என்ற நொதி பன்றியின் குடலில் போதுமான அளவு இல்லை. கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் செரிக்கும். ஆக 0.64-ல் குட்டிக்குக் கிடைப்பது 0.17 பக்கம். அதே அட்டவணை, செரிக்கும் பாஸ்பரஸாக 0.31 கேட்கிறது. கிடைப்பது பாதிதான். மீதியெல்லாம் சாணத்தில் போய்விடும்.

கால்சியம் இன்னும் மோசம். இந்தக் கலவையில் 0.1 சதவீதத்தைக்கூட எட்டாது. வேண்டியது 0.66.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. “கால்சியம்தானே குறைச்சல்” என்று கிளிஞ்சல் தூளையோ சுண்ணாம்புக்கல் தூளையோ மட்டும் சேர்ப்பார்கள். தனிச் சுண்ணாம்பு பைட்டேட்டோடு ஒட்டிக்கொண்டு, செரிக்க இருந்த கொஞ்சப் பாஸ்பரஸையும் கெடுத்துவிடும். நொண்டல் கூடும். “சுண்ணாம்பு போட்ட பிறகு இன்னும் மோசமாயிடுச்சு” என்று சொல்பவரை நான் உடனே நம்பிவிடுவேன், அப்படித்தான் நடக்கும்.

மேலே சொன்ன கலவைக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ டி.சி.பி., 1 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் என்று சேர்த்தால் கால்சியம் 0.69-க்கும் செரிக்கும் பாஸ்பரஸ் 0.31-க்கும் வந்து நிற்கும். நல்ல டி.சி.பி.யில் கால்சியம் 23, பாஸ்பரஸ் 18 சதவீதம் இருக்கும் என்ற கணக்கில் சொல்கிறேன். மூட்டையில் அச்சடித்ததைப் பாருங்கள், வேறாக இருந்தால் கணக்கைத் திருத்துங்கள். மொத்தக் கால்சியம் மொத்தப் பாஸ்பரஸைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது.

பைட்டேஸ் பொடி கிடைத்தால் டி.சி.பி.யில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் என்பது வழக்கமான அளவு. ஆனால் தீவனத்தைக் கொதிக்கவைக்கும் வழக்கம் இருந்தால் ஆறிய பிறகு மட்டுமே கலக்க வேண்டும், சூட்டில் நொதி செத்துவிடும். கோதுமைத் தவிட்டில் இயற்கையாகவே பைட்டேஸ் உண்டு, வேகவைத்தால் அதுவும் போய்விடும்.

*ஓட்டல், விடுதிச் சாப்பாடு என்றால்*

தீட்டிய அரிசிச் சோற்றில் பாஸ்பரஸும் குறைவு, கால்சியமும் குறைவு. மேலும் அதில் பெரும்பங்கு தண்ணீர். குட்டி வயிறு நிறையத் தின்னும், உருண்டு கொழுக்கும், எலும்பு மட்டும் பின்தங்கும். எடை வேகமாக ஏறும் குட்டிதான் முதலில் விழும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இங்கே கணக்கு எளிது: தாது உப்பும் டி.சி.பி.யும் தினமும் தலைக்கு இவ்வளவு என்று அளந்து தனியாகப் போட வேண்டும். பீப்பாயில் கொட்டிக் கிளறினால் அடியில் தங்கி, கடைசியாகத் தொட்டிக்கு வரும் பன்றிக்குத்தான் எல்லாம் போகும். கழிவுச் சாப்பாட்டைக் கொதிக்கவைக்காமல் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள், பன்றிக் காய்ச்சல் நுழையும் வாசல் அதுதான்.

*கோழிக்கடைக் கழிவு என்றால்*

குடலும் தோலும் சதையும் மட்டும் போனால் பாஸ்பரஸ் இருக்கும், கால்சியம் கிட்டத்தட்ட இருக்காது. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவத் தொடங்கும். முகவாய்க்கட்டை தடித்து, பல் ஆடும். கடிக்கும்போது வலிப்பதால் கெட்டித் தீனியை ஒதுக்கும். இங்கே மட்டும் சுண்ணாம்புக்கல் தூள்தான் முதல் மருந்து. எலும்போடு நன்றாக வேகவைத்து மசித்துப் போடும் பண்ணைகளில் இந்தப் பிரச்சினையை நான் அதிகம் பார்த்ததில்லை.

*டி.சி.பி. போட்டும் சரியாகவில்லை என்றால்*

மூட்டையைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்பூன் டி.சி.பி.யைக் கண்ணாடி டம்ளரில் போட்டு அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். பக்கத்தில் இன்னொரு டம்ளரில் சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டு அதே மாதிரி பிழியுங்கள். சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கும். நல்ல டி.சி.பி. பொங்காது, ஓரிரண்டு குமிழி வந்தால் பரவாயில்லை. இரண்டு டம்ளரும் ஒரே மாதிரி நுரைத்தால் நீங்கள் டி.சி.பி. விலைக்குச் சுண்ணாம்பு வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஐந்து ரூபாய்ச் சோதனை சில பண்ணைகளில் மாதக்கணக்கான குழப்பத்தை முடித்து வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாஸ்பரஸ் அளவைக் கேளுங்கள்.

*கலவையும் சரி, மூட்டையும் சரி என்றால்*

இப்போதுதான் வைட்டமின் டி-யைச் சந்தேகிக்க வேண்டும். “நம்ம ஊர் வெயிலுக்கு டி குறையுமா?” என்று கேட்பார்கள். குறையும். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் பிறந்து அங்கேயே வளரும் குட்டிக்கு வெயிலே கிடையாது. தாயின் பாலிலும் டி மிகக் குறைவு. காலை ஆறு மணி இளவெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் டி உண்டாக்கும் கதிர் அந்தச் சாய்வெயிலில் போதுமான அளவு வராது. ஒன்பதரை, பத்து மணிக்கு அரை மணி நேரம் திறந்தவெளியில் விடுங்கள். வெண்பன்றிக்குத் தோல் வெந்துவிடும், அதனால் நிழலும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். தோல் சிவந்தால் உடனே உள்ளே ஓட்டுங்கள்.

அடுத்தது வைட்டமின் கலவை. தாது உப்போடு ஒன்றாகக் கலந்து, வெக்கையான குடோனில் மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் இறங்கிவிடும். தனியாக, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, தீவனம் அரைக்கும் நாளில் மட்டும் சேருங்கள்.

*ஒரே ஜோடியின் குட்டிகள் மட்டும் என்றால்*

அபூர்வம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தீவனம், வெயில், டி எல்லாம் சரியாக இருந்தும், ஒரே ஜோடிக்குப் பிறந்த குட்டிகளில் சில மட்டும் ஐந்தாறு வாரத்தில் விழுகின்றன என்றால் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதியே இல்லாத பன்றி வம்சத்தை ஜெர்மனியின் ஹன்னோவரில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள்.

*மருத்துவரைக் கூப்பிட வேண்டிய கட்டம்*

கலவையைத் திருத்தியபின் பசியும் சுறுசுறுப்பும் ஒரு வாரத்துக்குள் தேறும். நடை தேற இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்று வாரத்தில் புதிதாக ஒரு குட்டி நொண்டினாலும், நொண்டுவது எழ முடியாமல் படுத்தாலும், கால் எலும்பு வளைந்து தொங்கினாலும் காத்திருக்காதீர்கள். முட்டி போட்டுத் தின்ற குட்டிகள் இருந்த அந்தப் பண்ணையில் பெரும்பாலானவை எழுந்து நடந்தன. ஆனால் இரண்டு குட்டிகளின் முன்கால் வில்லாகவே நின்றுவிட்டது. அந்த அளவுக்கு வளைந்த எலும்பு பெரும்பாலும் நிமிராது. அங்கேயும் மூன்று டி ஊசி போட்டுப் பார்த்ததில் போன ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அறிகுறி 2: நொண்டவில்லை, ஆனால் சுவரை நக்குகின்றன, மண் தின்கின்றன, வளர்ச்சி இல்லை

முதலில் உப்பு. 100 கிலோவுக்கு 300 முதல் 500 கிராம் போகிறதா என்று பாருங்கள். அடுத்தது குடற்புழு மருந்து கொடுத்த தேதி. இரண்டும் சரி என்றால் பாஸ்பரஸ் குறையத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன கணக்கை இன்றே போடுங்கள். பசி மந்தமாகி, எலும்பு, கல், சாணம் என்று கிடைத்ததைக் கடிப்பது நொண்டலுக்கு முன்னோடி. இந்தக் கட்டத்தில் பிடித்தால் செலவு டி.சி.பி. விலையோடு முடியும்.

அறிகுறி 3: தாய்ப்பன்றி பின்காலை இழுக்கிறது, நாய் மாதிரி உட்கார்ந்துவிடுகிறது

குட்டி போட்டு மூன்றாவது நான்காவது வாரத்திலோ, குட்டி பிரித்த ஓரிரு நாளிலோ வரும். தலைச்சன் ஈத்து, பத்துக் குட்டிக்கு மேல் பால் கொடுத்தது, சினைக்காலம் முழுக்கத் தவிடு மட்டும் தின்றது, இந்த மூன்றும் ஒரே தாயிடம் சேர்ந்தால் ஆபத்து. பாலுக்குத் தேவையான கால்சியமும் பாஸ்பரஸும் தீவனத்தில் வராததால் தன் எலும்பைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

முதல் வேலை, மிச்சமிருக்கும் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள். வழுக்காத இடத்தில் கனமாக வைக்கோல் போட்டு, தண்ணீரைத் தலைமாட்டிலேயே வையுங்கள். பிறகு தொடையில் உள்ளங்கையை வைத்து, இன்னொருவர் காலை மெல்ல அசைக்கட்டும். நறநறவென்று உரசல் தெரிந்தால் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அதற்கு மேல் அசைக்காதீர்கள். வலியோடு கிடத்தி வைப்பது பாவம், முடிவெடுக்க மருத்துவரை உடனே வரவழையுங்கள்.

முறிவு இல்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். கால்சியம் பாட்டிலை நீங்களே நரம்பில் ஏற்றாதீர்கள், வேகம் கொஞ்சம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

மற்ற தாய்களுக்கு: சினைக்கும் பாலுக்கும் தனிக் கலவை வேண்டும். கிலோ தீவனத்தில் வளரும் பன்றிக்கு 150 யூனிட் வைட்டமின் டி போதும், தாய்க்கு 800 வேண்டும் என்று அதே 2012 அட்டவணை சொல்கிறது. வளர்ப்புப் பன்றியின் கலவையையே தாய்க்கும் போடும் பண்ணையில் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படுவதில்லை.

அறிகுறி 4: குட்டிக்கு உடம்பு துடிக்கிறது, வெட்டி இழுக்கிறது

முதலில் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். அடைத்திருந்து பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போயிருந்தால் உப்பு நஞ்சாக மாறியிருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், ஒரேயடியாகத் திறந்துவிட்டால் இழுப்பு கூடும். காய்ச்சலோடு காலை மிதித்துக்கொண்டு கிடந்தால் மூளைக்காய்ச்சல். இரண்டும் இல்லை என்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம், உண்மையான டி பற்றாக்குறையில் இது வரும். எதுவானாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், அந்த நேரமே மருத்துவர்.

அறிகுறி 5: டி கொடுத்த பிறகு வாந்தி, தீனி மறுப்பு, திடீர்ச் சாவு

புதுத் தீவனம் அரைத்து ஒரு வாரத்துக்குள்ளா? அளவு தவறியிருக்கிறது. டன்னுக்கு 250 கிராம் என்று எழுதியிருக்கும் வைட்டமின் கலவையில் 100 கிலோவுக்கு 25 கிராம்தான் வரும். மூட்டை நிறுக்கும் தராசில் 25 கிராம் தெரியாது. “ஒரு கை” என்று அள்ளிப் போட்டால் முடிந்தது. சமையலறை எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். அளந்ததை முதலில் இரண்டு கிலோ தவிட்டில் கலந்து, அதை மொத்தத்தில் கலக்குங்கள்.

நீண்ட நாள் கொடுக்கும்போது கிலோ தீவனத்துக்கு 2,200 யூனிட்தான் பன்றி தாங்கும் மேல் வரம்பு. தீவனத்திலும் டி, தண்ணீரிலும் டி, ஊசியிலும் டி என்று மூன்று வழியாகப் போனால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதிகமானால் சிறுநீரகத்திலும் இதயத்திலும் நுரையீரலிலும் சுண்ணாம்பு படியும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. தீவனத்தை உடனே நிறுத்துங்கள், ஒரு கிலோ மாதிரியையும் லேபிளையும் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆய்வக முடிவு கையில் வந்துவிட்டால்

நான்கைந்து குட்டிகளின் ரத்தம் வேண்டும், ஒன்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். பாஸ்பரஸ் குறைந்து, கால்சியம் சரியாகவோ கூடுதலாகவோ இருந்தால் தீவனத்தில் பாஸ்பரஸ் இல்லை. இந்த நிலையில் டி ஊசி வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஏறியிருக்கும் கால்சியம் இன்னும் ஏறும். இரண்டும் குறைந்து, எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி உயர்ந்திருந்தால் டி பற்றாக்குறை. பாஸ்பரஸ் உயர்ந்து கால்சியம் குறைந்திருந்தால் கால்சியம் போதவில்லை. மூன்றும் இயல்பு என்று வந்தாலும் எலும்பு சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. உடம்பு எலும்பை உருவி ரத்த அளவைச் சமாளிக்கும்.

டி அளவு பார்க்க விரும்பினால் 25-ஹைட்ராக்சி டி (உடம்பில் இருப்பாக நிற்கும் டி) என்று கேட்டு எழுதுங்கள். டி-யின் வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியாலைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பாஸ்பரஸுக்கு ஏங்கும் குட்டியில் அது உயர்ந்து நிற்கும், டி தாராளமாக இருப்பதாகத் தோன்றும்.

ரத்தத்தைவிட நான் நம்புவது எலும்பை. செத்த குட்டியோ வெட்டிய பன்றியோ கிடைத்தால் ஒரு விலா எலும்பை உருவி, சதையைச் சுரண்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். பட்டென்று சத்தத்தோடு முறிந்தால் நல்ல எலும்பு. பச்சைக் குச்சி மாதிரி வளைந்து கொடுத்தால் அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, கலவைச் சீட்டோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.